சுவரில் ஒட்டிய பட்டியலும் அப்பா போடாத குளிசையும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றிலிருந்து 19 வயது மாணவி ஒருவர் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் படிப்பவர். இரண்டாம் தடவையாகப் பரீட்சை எழுதக் காத்திருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு வயது 54. மூன்று ஏக்கர் வயல், எட்டு வருடமாக நீரிழிவு. காலையும் இரவும் மெற்போமின் குளிசை போட்டுவந்தவர், நான்கு மாதங்களுக்கு முன்பு அதை அடியோடு நிறுத்திவிட்டார். கிளினிக்குக்கும் போவதில்லை.

காரணம் மூன்று என்கிறார் மகள். முதலாவது, கனடாவிலிருக்கும் சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஏழு நிமிடக் குரல்பதிவு. வள்ளுவரில் தொடங்கி, ஆங்கில மருந்து சிறுநீரகத்தைத் தின்றுவிடும் என்பதில் முடிகிறது. பேசுகிறவர் தன்னை வைத்தியர் என்கிறார், பெயர் சொல்லவில்லை. இரண்டாவது, அடுத்த கிழமையே நடந்தது. சிறுநீரகம் பழுதான நண்பர் ஒருவருக்குத் துணையாக அப்பா வைத்தியசாலைக்குப் போனார். இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரங்களோடு ஆறு பேர் படுத்திருந்தார்கள். அப்பா ஒவ்வொருவராக விசாரித்தார். ஆறு பேரும் வருடக்கணக்காகச் சீனி வருத்தத்துக்குக் குளிசை போட்டவர்கள். மூன்றாவது, இப்போது மாதம் 4,500 ரூபாய்க்கு வாங்கிக் குடிக்கும் மூலிகைப் பொடி. அதைத் தொடங்கியபின் உடம்பு மெலிந்து இலேசாகிவிட்டது என்கிறார். இரவில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழும்புகிறாராம். பொடி நஞ்சை வெளியேற்றுகிறதாம்.

மகள் சும்மா இருக்கவில்லை. குரல்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதிலுள்ள போலி நியாயங்களை எண்ணி, பதினொன்றுக்கும் பாடப் புத்தகத்திலுள்ள பெயர்களை இட்டு, வெள்ளைத் தாளில் எழுதிச் சாமியறைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டார். அப்பா இரண்டு கிழமையாக அவருடன் பேசுவதில்லை. இப்போது அவர் கேட்பவை: அப்பாவின் வாதம் பிழை என்று நிரூபிப்பது எப்படி? குளிசையைத் தூளாக்கி அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா? வீட்டில் ஒருவரைக்கூடத் திருத்த முடியாத இந்தப் பாடத்தைப் படித்து என்ன பயன்?

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருமுன் வைத்தியனாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் வாதத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் கடிதத்தில் ஒரு நோயாளியைப் பார்க்கிறேன். நீரிழிவுள்ள ஒருவர் குளிசையை நிறுத்தி நான்கு மாதத்தில் மெலிகிறார், இரவில் மூன்று நான்கு தடவை எழும்புகிறார் என்றால், அது இரத்தத்தில் சீனி எக்கச்சக்கமாக ஏறியிருப்பதன் அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கும். உடம்பால் அந்தச் சீனியைப் பயன்படுத்த முடியவில்லை. தசையையும் கொழுப்பையும் கரைக்கிறது. மிஞ்சிய சீனி சிறுநீரில் போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. தாகமும் கூடியிருக்குமே, கவனித்தீர்களா? வாந்தி, கடும் சோர்வு, மயக்கம், மூச்சு வாங்குதல், ஆறாத கால் புண், முகமோ காலோ வீங்குதல், சிறுநீர் குறைதல் இவற்றில் எதைக் கண்டாலும் இந்தக் கடிதத்தைத் தொடர்ந்து வாசிக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்து அம்புலன்சில் ஏற்றுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், ஆறுதலாகப் பேசலாம்.

முதலில் உங்கள் பட்டியல்

பதினொரு போலிகளைக் கண்டுபிடித்தது கெட்டித்தனம்தான். எனக்கு ஏழுதான் அகப்பட்டன. ஆனால் அந்தத் தாளில் ஒரு பிழை இருக்கிறது. பாடம் படிக்கிற உங்களிடம் சொல்லாமல் விட முடியாது. ஒருவர் சொல்லும் நியாயம் போலியானது என்று காட்டிவிட்டால், அவருடைய முடிவும் பொய் என்றாகிவிடாது. காகம் கரைந்தது, ஆகவே இன்று விருந்தாளி வருவார் என்று அம்மம்மா சொல்கிறார். நியாயம் போலி. ஆனால் மத்தியானம் மாமா வந்து நிற்கலாம். குரல்பதிவின் நியாயங்கள் பதினொன்றும் சரிந்தபின்னும், மெற்போமின் சிறுநீரகத்தைப் பழுதாக்குமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்குப் பதில் உங்கள் தாளில் ஓர் இடத்திலும் இல்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். கடிதத்தின் நான்காம் பக்கத்தில் "சித்தப்பா பத்தாம் வகுப்போடு நின்றவர், அவருக்கு என்ன தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாம் பக்கத்தில் "உலகத்தில் கோடிக்கணக்கானவர்கள் போடுகிற குளிசை கெட்டதாக இருக்குமா" என்கிறீர்கள். இரண்டுக்கும் பெயர் என்னவென்று உங்கள் பட்டியலிலேயே பாருங்கள். மூன்றாவதும் ஐந்தாவதும்: சொல்லை விட்டு ஆளைத் தாக்குவது, பலர் செய்வதால் சரியென்பது. சித்தப்பா சொல்வது பிழையென்றால், அவர் பேராசிரியராக இருந்தாலும் பிழைதான்.

அப்பா கண்ட ஆறு பேர்

உங்கள் வீட்டில் நடக்கும் வாதத்தில் பலமானது குரல்பதிவு அல்ல. அப்பா தன் கண்ணால் கண்டது. நீங்கள் அதை இரண்டு வரியில் தள்ளிவிட்டீர்கள். நான் அதில்தான் கூட நேரம் செலவழிக்கப் போகிறேன். அவர் கேள்விப்பட்டதை நம்பிக்கொண்டு இருக்கவில்லை. போய்ப் பார்த்தார், கேட்டார், எண்ணினார். ஆறுக்கு ஆறு. விஞ்ஞானமுறையின் பாதியைச் செய்துவிட்டார். மிச்சப் பாதிதான் பாக்கி.

ஒரு தாளில் நான்கு பெட்டி போடுங்கள். முதலாவதில் குளிசை போட்டு, சிறுநீரகம் பழுதானவர்கள். இரண்டாவதில் குளிசை போட்டு, சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள். மூன்றாவதில் போடாமல் பழுதானவர்கள். நான்காவதில் போடாமல் நன்றாக இருப்பவர்கள். அப்பா பார்த்தது முதலாவது பெட்டியை மட்டும். அந்த அறைக்குள் இரண்டாவது, நான்காவது பெட்டிக்காரர் இருக்கவே முடியாது. இரண்டாவது பெட்டிக்காரர் எங்கே? கிளினிக் நாளில் விடியற்காலையே வந்து பிளாஸ்டிக் கதிரையில் கொப்பியை வைத்து இடம்பிடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறார்கள். வயலில் நிற்கிறார்கள். வற்றாப்பளைப் பொங்கலில் காவடி எடுக்கிறார்கள். யாரும் அவர்களை எண்ணுவதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது பெட்டியில் பலர் இயந்திரம்வரை வந்து சேர்வதே இல்லை. சீனியைக் கவனிக்காமல் விட்டவரை மாரடைப்பு இடையில் மறித்துவிடும். அந்த வீட்டில் "நல்ல மனுசன், படுக்கையில் கிடக்காமல் போய்விட்டார்" என்பார்கள். குளிசை போடாததோடு அந்தச் சாவை யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

பாம்புக்கடியிலும் இதே கணக்குத்தான். கல் வைத்து விஷம் இறக்குகிற ஒருவர், தன்னிடம் வந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் பிழைத்தார்கள் என்று சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். கடித்த பாம்புகளில் பல விஷமற்றவை. விஷப் பாம்பும் சிலவேளை விஷம் இறக்காமலே கடித்துவிட்டுப் போகும். கல் வைக்காமல் விட்டிருந்தாலும் பிழைத்திருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதவரை, எட்டு என்ற எண்ணுக்குப் பொருளே கிடையாது.

அப்பாவின் ஆறு பேருக்கும் பொதுவாக இருந்தது குளிசை மட்டுமல்ல. அந்தக் குளிசை போடக் காரணமான நீரிழிவும் பொதுவாகவே இருந்தது. நீரிழிவுதான் உலகெங்கும் சிறுநீரகம் பழுதாவதற்கான முதன்மைக் காரணம். நீரிழிவுள்ள பெரியவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்படுகிறது. இரணைமடுக் குளத்தில் வான்கதவு திறந்திருக்கிறபோதெல்லாம் கீழே வெள்ளம் நிற்கிறது என்பதற்காகக் கதவுதான் மழையைக் கொண்டுவந்தது என்று யாரும் சொல்வதில்லை. நீர்மட்டம் ஏறியதால் கதவைத் திறக்கிறார்கள். (பிந்தித் திறந்தாலும் ஆபத்து, முந்தித் திறந்தாலும் சண்டை. அது வேறு வழக்கு.)

எதிர்ப்பக்கத்துக்கு ஓர் ஆதாரம் நம் அயலிலேயே இருக்கிறது. 1990கள் தொடக்கம் வடமத்திய மாகாணத்திலும், அதையொட்டி நம் வவுனியாப் பக்கத்திலும் விவசாயிகளிடையே பரவிய சிறுநீரக நோயை அப்பா அறிந்திருப்பார். அவர்களில் பெரும்பாலானோருக்கு நீரிழிவும் இல்லை, பிரஷரும் இல்லை. சீனிக்கான குளிசையைத் தொட்டதே இல்லை. நீரிலுள்ள புளோரைட்டு, நீரின் கடினத்தன்மை, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடம்பு வற்றுதல் என்று பல சந்தேகங்கள் இருக்கின்றன. ஒற்றைக் காரணம் இன்னும் உறுதியாகவில்லை. அந்தக் குளிசை இல்லாமலும் சிறுநீரகம் போகும் என்பதுமட்டும் நிச்சயம்.

ஆறு பேரைப் போய்ப் பார்ப்பதைவிட நல்ல வழி எது? வேறுபாடில்லாத இரண்டு கூட்டத்தை எடுத்து, யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்து, வருடக்கணக்காகக் காத்திருந்து எண்ணுவது. பிரித்தானியாவில் 1977இல் தொடங்கிய ஓர் ஆய்வு அப்படித்தான் செய்தது. புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 5,102 பேர் அதில் இருந்தார்கள். முடிவு வந்தது 1998இல். எடை கூடியவர்களில் மெற்போமின் கிடைத்த 342 பேரையும், பெரும்பாலும் உணவுக் கட்டுப்பாட்டோடு விடப்பட்ட 411 பேரையும் சுமார் பத்து வருடம் பின்தொடர்ந்தார்கள். எந்தக் காரணத்தாலும் இறக்கும் ஆபத்து மெற்போமின் பிரிவில் 36 வீதம் குறைவாக இருந்தது. சிறுநீரகத்தைத் தின்னும் மருந்து இப்படியொரு கணக்கைக் காட்டியிருக்க முடியாது.

இதை அப்பாவிடம் ஆய்வு, வீதம் என்று சொல்லத் தொடங்கினால் எழுந்து போய்விடுவார். வேறு வழியாகப் போங்கள். புதிய விதைநெல் ஒன்று கைக்கு வந்தால் மூன்று ஏக்கரிலும் கொட்டிவிடுவாரா? மாட்டார். ஒரு பக்கம் பழக்கமான ஆட்டக்காரி நெல், வரம்புக்கு அந்தப்பக்கம் புதியது. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே உரம். அறுவடையில் மூட்டையை எண்ணுவார். முழு வயலையும் புது நெல்லால் விதைத்துவிட்டு, விளைச்சல் நெல்லால் வந்ததா மழையால் வந்ததா என்று எப்படிப் பிரித்தறிவது என்று அவரிடமே கேளுங்கள். கற்றுக்கொடுக்கிற பாவனை வேண்டாம். வயலைப் பற்றி அவருக்குத்தான் தெரியும், உண்மையாகவே கேளுங்கள்.

தோற்கவே முடியாத பொடி

பொடிக்கு வருவோம். அப்பா மெலிந்தார்: பொடி வேலை செய்கிறது. சிறுநீர் கூடப் போகிறது: பொடி நஞ்சை வெளியேற்றுகிறது. நாளை கால் விறைத்தால் "பழைய மருந்தின் விஷம் இறங்குகிறது" என்று விற்கிறவர் சொல்வார், எழுதித் தருகிறேன். எது நடந்தாலும் வெல்கிற பொடி அது. அப்படிப்பட்ட ஒன்றைப் பற்றி வாதாடிப் பயனில்லை. ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: எது நடந்தால் இது சரிவரவில்லை என்று ஒப்புக்கொள்வீர்கள்? அதை அவர் முன்கூட்டியே, பரிசோதனைக்கு முன்பே சொல்ல வேண்டும். கடந்த மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. பொடி குடித்த மூன்று மாதமும் அதில் பதிவாகியிருக்கும். பொடிக்கு இதைவிட நியாயமான பரீட்சை கிடைக்காது.

மூலிகையாயிற்றே, கெடுதி செய்யாது என்பது பொடியின் பின்னால் ஒளிந்திருக்கும் வாதம். கண்ணாடிப் புடையன் பாம்பின் விஷமும் இயற்கையானதே. அதுவும் சிறுநீரகத்தைத்தான் பிடிக்கும். மறுபக்கத்தில், அப்பா ஆங்கில மருந்து என்று வெறுக்கிற மெற்போமினின் பூர்வீகம் ஒரு செடி. ஐரோப்பாவில் பழங்காலம் தொட்டு நாட்டு வைத்தியத்தில் பயன்பட்ட கலேகா என்ற செடியிலிருந்த இரசாயனத்தின் வழியில் உருவானதே அது. 1957இல் பிரான்சில் நீரிழிவு மருந்தாக அறிமுகமானது. இதைச் சொல்வதால் மருந்து நல்லதென்று ஆகிவிடாது. செடியா தொழிற்சாலையா என்பதைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

குரல்பதிவில் இருக்கும் கொஞ்ச உண்மை

முழுப் பொய் அவ்வளவு தூரம் பயணிக்காது. சிறுநீரகம் மிகவும் பலவீனமாகிவிட்டால் நாங்களே மெற்போமினைக் குறைப்போம், ஒரு கட்டத்தில் நிறுத்துவோம். அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. வழி அடைபட்டால் உடம்பில் தேங்கும், தேங்கினால் ஆபத்து. இதைக் கண்ட சனம் "நிறுத்திவிட்டார்களே, அப்படியென்றால் அதுதான் பழுதாக்கியது" என்று முடிவுகட்டுகிறது. பாலம் பழுதென்று லொறியை மறிக்கிறார்கள். லொறிதான் பாலத்தை உடைத்தது என்று அதற்குப் பொருளாகாது. குரல்பதிவுக்காரர் இந்த உண்மையில் ஒரு கரண்டி எடுத்து மிச்சத்தைக் கரைத்திருக்கிறார். நீங்கள் அந்தக் கரண்டியையும் சேர்த்து மறுத்தீர்கள். அப்பாவுக்கு அப்படி நிறுத்தப்பட்ட ஓர் ஆளையாவது தெரிந்திருக்கும். அந்த இடத்திலேயே உங்கள் பேச்சுக்கு அவர் காதை மூடியிருப்பார்.

பெயர் தெரியாத ஒருவரை ஏன் நம்புகிறார் என்று கேட்டிருந்தீர்கள். அவர் நம்புவது அந்த ஆளை அல்ல, அனுப்பிய தம்பியை. சைவ சித்தாந்திகள் அறிவு வரும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என்று மூன்றில் அடக்கினார்கள். உரை என்பது நம்பத்தக்கவர் வாய்ச்சொல். யார் நம்பத்தக்கவர் என்பதை வன்னிச் சனம் புத்தகத்தில் படிக்கவில்லை. 2009 தை மாதம் அரசு பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்துக்குள்ளும் செல் (எறிகணை) விழுந்தது. நீங்கள் அப்போது சிறு பிள்ளை. உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். எந்தப் பக்கம் போகலாம், எங்கே தண்ணீர் இருக்கிறது என்று சொந்தக்காரரும் அயலவரும் சொன்னதைக் கேட்டுப் பிழைத்தவர்கள் ஏராளம். அறிவித்தலைவிடத் தம்பியின் சொல் பெரிது என்பது அவருக்கு மூடத்தனம் அல்ல, பட்டறிவு. அந்தப் பட்டறிவு இந்த விடயத்துக்கும் பொருந்துமா என்பதே கேள்வி. செல் எங்கே விழுகிறது என்று பக்கத்தில் நின்றவருக்குத் தெரியும். சிறுநீரகத்துக்குள் நடப்பது தம்பிக்கும் தெரியாது, எனக்கும் இரத்தத்தைச் சோதிக்காமல் தெரியாது.

இதில் எங்கள் தொழிலின் பங்கும் உண்டு. சில வருடங்களுக்கு முன்பு, கிளினிக் நிரம்பி வழிந்த ஒரு நாளில், உங்கள் அப்பாவின் வயதுக்காரர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டார்: "ஐயா, இந்தக் குளிசை கிட்னியைக் கெடுக்குமா?" நான் கொப்பியிலிருந்து தலை நிமிராமல் "அதெல்லாம் ஒன்றுமில்லை, ஒழுங்காகப் போடுங்கள்" என்றேன். அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. நான் சொன்னது உண்மைதான். ஆனால் அவருக்குக் கொடுத்தது ஒரு காரணமுமில்லாத கட்டளை. குரல்பதிவுக்காரராவது ஏழு நிமிடம் பேசினார்.

அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதிய வரி

இரண்டாம் பக்கத்தின் கீழ் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள்: "(இடுப்பில் செல் துண்டு இருப்பதால் நோவுக்குப் பாமசியில் வாங்கும் டைக்ளோபெனக் தினமும் இரண்டு போடுவார், அதை மட்டும் விடமாட்டார்.)" கடிதத்தை இரண்டாம் தடவை வாசித்தபோதுதான் என் கண் அதில் நின்றது. சித்தப்பா, நீங்கள், அப்பா, குரல்பதிவுக்காரர் எல்லோரும் மெற்போமினைச் சுற்றி நின்று சண்டை பிடிக்கிறீர்கள். சிறுநீரகத்தை உண்மையில் கெடுக்கக்கூடிய குளிசை சேர்ட் பையில் இருக்கிறது.

டைக்ளோபெனக், இபுபுறோபன் போன்ற நோக் குளிசைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். இளவயதினர் இரண்டு நாள் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நீரிழிவுள்ள 54 வயதுக்காரர், வெயிலில் வியர்த்து வற்றிய உடம்போடு, மாதக்கணக்காகத் தினமும் போடுவது வேறு. சிறுநீரகத்தைப் பற்றிய அப்பாவின் பயம் சரியானது. பயப்பட வேண்டிய இடந்தான் மாறிவிட்டது. நீங்கள் அவரோடு பேச வாசல் இதுதான்: "அப்பா, கிட்னியைப் பற்றி நீங்கள் பயப்பட்டது சரி. நான் அதைக் கேட்காமல் விட்டேன்" என்று தொடங்குங்கள். வெறும் தந்திரமாகச் சொல்ல வேண்டாம், அது உண்மையும்கூட.

ஆனால் இடுப்பு நோ பொய்யல்ல. அதை நிறுத்தச் சொல்லிவிட்டு வேறொன்றும் கொடுக்காவிட்டால் அவர் வயலுக்கு இறங்க முடியாது. அளவோடு பரசிற்றமோல், உடற்பயிற்சிச் சிகிச்சை, துண்டு இருக்கும் இடத்தைச் சத்திரசிகிச்சை நிபுணர் பார்ப்பது என்று வழிகள் இருக்கின்றன. கிளினிக்கில் இதையே முதலாவது முறைப்பாடாகச் சொல்லட்டும். சீனியைப் பற்றிப் பேச வரமாட்டேன் என்பவர் இடுப்பைக் காட்ட வருவார்.

சாப்பாட்டில் கலக்கலாமா?

கூடாது. உங்கள் அப்பா சுயநினைவோடு இருக்கிற வளர்ந்த மனிதர். சிகிச்சையை மறுக்க அவருக்கு உரிமை உண்டு, மறுப்பது பிழையாக இருந்தாலும். வைத்தியனான எனக்கே இல்லாத அதிகாரத்தை மகளுக்கு நான் எழுதித் தர முடியாது.

உரிமையை விட்டுவிட்டு ஆபத்தை மட்டும் பார்த்தாலும் இது கெட்ட யோசனை. மெதுவாகக் கரையும்படி செய்த மெற்போமின் குளிசைகளைத் தூளாக்கினால் முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கும். நான்கு மாத இடைவெளி, கூடவே டைக்ளோபெனக். சிறுநீரகத்தின் நிலை தெரியாமல் பழைய அளவைத் தொடங்குவதே சரியல்ல. பொடிக்குள் என்ன இருக்கிறதென்றும் தெரியாது. மூலிகை என்று விற்ற பொடிகளில் சீனியைக் குறைக்கும் மருந்தைச் சொல்லாமல் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அப்படியென்றால் இரண்டும் சேர்ந்து சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ஒருநாள் சோற்றில் கசப்புத் தட்டி அவர் கண்டுபிடித்தால், அம்மாவின் கையால் வாங்கிச் சாப்பிடுவதையும் நிறுத்திவிடுவார்.

இந்தக் கிழமை

சுவரிலுள்ள தாளை இன்றே கழற்றுங்கள். அப்பா பார்க்கும்படி கழற்றுங்கள். அது வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அவருடைய தோல்வியை அறிவித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தாளுக்கு முன்னால் நின்று மனம் மாற யாரால் முடியும்?

பிறகு அவரிடம் குளிசை போடச் சொல்லாதீர்கள். இரத்தமும் சிறுநீரும் பார்ப்போம் என்று மட்டும் கேளுங்கள். மூன்று பரிசோதனை: மூன்று மாதச் சீனி, இரத்தத்தில் கிரியற்றினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு), சிறுநீரில் அல்புமின் என்ற புரதம். கடைசியாகச் சொன்னது சிறுநீரகம் பாதிக்கத் தொடங்குவதை முன்கூட்டியே காட்டும். அரச வைத்தியசாலையில் செய்தால் இவற்றுக்குக் கட்டணம் இல்லை. போவதற்கு முதல்நாள் நீங்கள் இருவரும் ஒரே தாளில் எழுதுங்கள். அவர் எழுத வேண்டியது: என்ன முடிவு வந்தால் பொடியை விடுவேன். நீங்கள் எழுத வேண்டியது: என்ன முடிவு வந்தால் மெற்போமின் பற்றிப் பேசுவதை நிறுத்துவேன். உங்கள் பக்கத்தை வெறுமையாக விட்டால் அவர் ஏன் எழுத வேண்டும்? உங்களுக்கும் ஆச்சரியம் காத்திருக்கலாம். கிரியற்றினின் கூடுதலாக இருந்தால் நாங்களே மெற்போமினை வேண்டாமென்று சொல்லி வேறு மருந்து தருவோம். அப்போது "பார்த்தாயா" என்று அவர் சொல்வார். அதற்கு இப்போதே தயாராக இருங்கள்.

வரும்போது வீட்டிலுள்ள எல்லாக் குளிசை அட்டைகளையும் பொடிப் போத்தலையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

பாடத்தால் என்ன பயன் என்ற கேள்விக்கு நான் தனியாகப் பதில் எழுதவில்லை. அடைப்புக்குறிக்குள் அந்த வரியை எழுதியவர் நீங்கள். குளிசையின் பெயரை அட்டையைப் பார்த்துச் சரியாகப் பிரதிபண்ணியிருக்கிறீர்கள். இத்தனை கவனத்தோடு என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் குறைவு.

இன்னொரு வேலை பாக்கி. சித்தப்பாவுக்கும் பத்து வருடமாகச் சீனி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு ஒரு வரி அனுப்புங்கள், குத்தலில்லாமல்: "சித்தப்பா, அந்தக் குரல்பதிவைக் கேட்டபின் நீங்களும் குளிசையை நிறுத்திவிட்டீர்களா?" இல்லையென்று பதில் வந்தால் அது நிரூபணம் ஆகாது, அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் பதிலை மட்டும் காட்டுங்கள். ஆமென்று வந்தால், அவரையும் இந்தக் கிழமையே இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்.